பதினெட்டு முடிச்சுகள்

"அடிக்கடின்னா எத்தினி வாட்டி டீச்சர்?"

முதல் கேள்வியிலேயே கெங்கம்மாள் இப்படி மடக்குவாள் என்று கனீஸ் ஃபாத்திமா எதிர்பார்க்கவில்லை. வாணியம்பாடியிலிருந்து வாரம் ஒரு நாள் ஜவ்வாது மலைப் பள்ளிக்கு வரும் சிறப்பு ஆசிரியை அவள். பிள்ளைகளின் கவனக்குறைவை அளக்க, பெற்றோரிடம் பதினெட்டு கேள்விகள் கேட்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 'இல்லை', 'எப்போதாவது', 'அடிக்கடி', 'எப்போதும்' என்று நாலு கட்டம். மற்ற தாய்மார்கள் பத்து நிமிடத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு எழுந்து போவார்கள்.

கெங்கம்மாளால் அப்படி முடியவில்லை. மதிப்பெண் கூடினால் மகன் வெற்றிச்செல்வனைக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கே மாத்திரை கொடுத்தே பிள்ளையைப் படுக்கப் போட்டுவிடுவார்கள் என்று யாரோ அவளைப் பயமுறுத்தியிருந்தார்கள். மகனோ வகுப்பு ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தான்.

ஃபாத்திமா விளக்கிப் பார்த்தாள். பஸ் வருவது மாதிரி என்றால் 'எப்போதாவது'. போன வாரம் பஸ் வரவேயில்லையே என்றாள் கெங்கம்மாள். சரி, ஆடு கத்துவது மாதிரி என்றால் 'அடிக்கடி'. தன் வீட்டு ஆடு வாயே திறப்பதில்லை, அதற்கும் உடம்புக்கு ஏதாவது இருக்குமோ என்று கெங்கம்மாள் கவலைப்பட ஆரம்பித்தாள். அடுத்த கால் மணி நேரம் ஆட்டிலேயே போனது.

பொறுமை இழந்த ஃபாத்திமா, படிவத்தை அவள் கையிலேயே திணித்தாள்.

"ஒரு வாரம் எண்ணிப் பாருங்கக்கா. ஒவ்வொரு வாட்டிக்கும் ஒரு புளியங்கொட்டை போட்டு வைங்க."

எரிச்சலில் சொன்னதுதான். யார் செய்யப்போகிறார்கள்?

அடுத்த வாரம் கெங்கம்மாள் ஒரு கோணிப்பையைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தாள். பதினெட்டு துணி முடிச்சுகள். ஒவ்வொன்றிலும் கரியால் கேள்வி எண்.

ஃபாத்திமா ஒவ்வொன்றாக அவிழ்த்து எண்ணிவிட்டுக் கட்டினாள். 'சொன்ன வேலையைப் பாதியில் விடுகிறானா?' இருபத்து மூன்று கொட்டை. 'பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசுகிறானா?' பதினாறாம் முடிச்சு, நாற்பத்தொன்று. 'பொருள்களைத் தொலைக்கிறானா?' பதினொன்றரை.

"அரை இன்னாக்கா?"

"தொலைச்சது ஒடனே கெடச்சிடுச்சாம். அதுக்குப் பாதிங்க."

ஆறு வருடமாகக் கட்டம் கட்டமாக ஃபாத்திமா நிரப்பிய படிவங்களெல்லாம் இந்த முடிச்சுகளுக்கு முன்னால் வெறும் காகிதம். பயந்துகொண்டே இருந்தாலும் ஒரு கொட்டைகூடக் குறைத்துப் போடவில்லையே! ஆனால் கூட்டிப் பார்த்தால் மதிப்பெண் எல்லையைத் தாண்டிவிட்டது. மனசே இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு எழுதும் தாளை எடுத்தாள். கெங்கம்மாளின் கண்கள் கலங்கின.

"பயப்படாதீங்கக்கா. உங்கள மாதிரி ஒரு அம்மாவ நான் பாத்ததே இல்ல. சாமை அறுப்பு நேரத்துல, ஏழு நாளும் கண்ண எடுக்காம அவன் பின்னாடியே சுத்தி..."

கெங்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். ஜன்னலிலிருந்து வெற்றிச்செல்வன் உள்ளே குதித்தான்.

"அம்மா விடிஞ்சா அறுப்புக்குப் போய்டும் டீச்சர். நான்தான் எண்ணிப் போட்டேன்."

அவன் டவுசர் பையிலிருந்து ஒரு கொட்டையை எடுத்தான். பதினாறாம் முடிச்சைத் தேடி அவிழ்த்து, உள்ளே போட்டு, மறுபடி இறுக்கிக் கட்டினான்.

"இப்ப குறுக்க பேசிட்டேன் இல்ல?"