லேசர் தொட்டியில் ஒரு சிட்டிகைத் திருநீறு

சித்தப்பா, தொட்டியில் திருநீறு போட்டது நீங்கள். நான் இல்லை. ஊரெல்லாம் மாற்றிச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

மலாக்காவின் அலோர் காஜாவில் ஒரு கம்பெனியில் எனக்கு அப்போது ஒப்பந்த வேலை. மீன்பிடிப் படகின் அடியில் டிரான்ஸ்டியூசர் என்று ஒரு கருவி பொருத்துவார்கள். காதுக்குக் கேட்காத ஒலியைத் தண்ணீருக்குள் அனுப்பி ஆழம் சொல்லும். அதன் முகம் எவ்வளவு அதிர்கிறது என்று அளப்பது என் வேலை. எதையாவது ஒட்டி அளந்தால் அதிர்வே மாறிவிடும். அதனால் கண்ணாடித் தொட்டியில் அதை மூழ்கவைத்து, வெளியிலிருந்து லேசரை அடித்து, திரும்பி வரும் ஒளியை வைத்துக் கணக்குப் போடுவோம். தண்ணீரில் தூசி, குமிழி எதுவும் இருக்கக் கூடாது. (இதை வீட்டில் யாரும் இரண்டாவது வாக்கியத்துக்கு மேல் கேட்டதில்லை. "கம்ப்யூட்டர் வேல" என்று முடித்துவிடுவார்கள்.) அந்த அறையில் பேச்சுத் துணைக்கு இருந்தது தொட்டிதான். பேசியும் இருக்கிறேன்.

குடும்பத்தை அழைத்துவந்து வேலையைக் காட்டலாம் என்று கம்பெனியில் ஒரு நாள் வைத்தார்கள். அன்றே நான் மேனேஜர் முன்னால் அளந்துகாட்ட வேண்டும். சரியாக வந்தால் வேலை நிரந்தரம். குடும்ப வாட்சாப் குழுவில் எல்லாரையும் கூப்பிட்டேன். கட்டைவிரல் படங்கள் வந்தன. ஆளாக வந்தது புலாவ் செபாங்கிலிருந்து நீங்கள் மட்டும்.

"என்னம்மா இது, மீன் தொட்டியா? மீனயே காணோம் லா."

ஒரு மனிதர் கேள்வி கேட்டுவிட்டார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. விளக்கித் தள்ளினேன். நீங்கள் கொட்டாவி விட்டதும் கோப்பி எடுத்துவர ஓடினேன்.

திரும்பி வந்தபோது மேனேஜர் நின்றிருந்தார். லேசரைப் போட்டேன். திரையில் அழகான அலை வர வேண்டிய இடத்தில் விளக்குமாறு மாதிரி ஒன்று வந்தது. நான் பெரிய விஞ்ஞானி அல்லவா, வெளியே லாரி ஓடுவதால் தரை ஆடுகிறது என்றேன். லாரிகளை நிறுத்தினார்கள். ஏர்கோனை அடைக்கச் சொன்னேன். கடைசியில் மேனேஜரையே மூச்சை அடக்கச் சொன்னேன். பாவம், அடக்கினார். விளக்குமாறு இன்னும் அடர்த்தியானது.

அந்த அமைதியில் நீங்கள் சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தீர்கள்.

"கொஞ்சமா போட்டது பத்தல போல. இன்னும் போடட்டாம்மா?"

"எதுல போட்டீங்க?"

"தண்ணியிலதான். மிஷினு லா, சாமிய நெனைக்காம தொறப்பியா?"

லேசர் டிரான்ஸ்டியூசரை விட்டுவிட்டு, மிதந்த துகள் ஒவ்வொன்றையும் அளந்துகொண்டிருந்தது. மேனேஜர் மூச்சை விட்டார். நிரந்தரமும் தள்ளிப்போனது. பிறகு ஒருநாள் அது கிடைத்தபோது, மஸ்ஜித் தானா ஊர்க் கடையில் தனியாக உட்கார்ந்து மீ கோரெங் நூடுல்ஸ் தின்றுவிட்டு வாடகை அறைக்குப் போனேன். யாருக்கும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஆனால் கல்யாணப் பந்தி தவறாமல், "லேசருக்குத் திருநீறு போட்ட புள்ள இவதான்" என்று காட்டுகிறீர்கள். மொத்த வரிசையும் சிரிக்கிறது.

அடுத்த மாதம் தம்பிக்குக் கல்யாணம். மைக் உங்கள் கையில்தான் இருக்கும். போட்டது யார் என்று மண்டபத்தில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, சிரிக்கிறவர்களிடம் அன்றைக்கு ஏன் ஒருத்தரும் வரவில்லை என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு பந்தி போடலாம்.