வடைக்குப் போன பருப்பு

இனிமே வடையைக் கையால தொடறதில்லைன்னு தொண்ணூத்தொண்ணு பங்குனியில சத்தியம் பண்ணேன். நானா பண்ணலை. கம்பெனி டாக்டர் பிரஷர் நூத்தி எழுபதுன்னு சொன்னதும், என் பொஞ்சாதி காந்திமதி கையைப் புடிச்சுப் பண்ண வச்சா. எண்ணெயை விடு, தினம் ஆறு கிலோமீட்டர் நடன்னாரு டாக்டர். மெஷின் லைன்ல எட்டு மணி நேரம் நிக்கிறவனுக்கு நடை வேறயான்னு நான் மறுத்துட்டேன்.

மறுநாள் சோத்தோட கூட ஒரு சின்ன டப்பா. ஊறவச்ச பாசிப்பருப்பு, வெள்ளரிக்கா, மாங்கா, கொஞ்சம் தேங்காய்த் துருவல், எலுமிச்சை. ராமநவமிக்குப் பெருமாள் கோயில்ல பானகத்தோட குடுப்பாங்களே, அந்த வடைப்பருப்பு. சூட்டைத் தணிக்கும், பசி தாங்கும், சீக்கிரம் செரிக்கும்னு ஒரு வாரம் பாடம் எடுத்தா.

எனக்குப் பேரு மட்டும்தான் மனசுல நின்னுது. பேர்லயே வடை கீது. அரைச்சு எண்ணெயில போட வேண்டியது ஒண்ணுதான் பாக்கி.

ஷிப்ட் முடிஞ்சதும் கம்பெனி கேட்டுக்கு எதிர்ல டீக்கடை வச்சிருக்கிற கோதண்டராமன்கிட்ட டப்பாவை நீட்டினேன். வாணலி ஓட்டைன்னான். மண்ணூர்ல பாப்பம்மாள் கடையில சுட்டுத் தருவாங்கன்னு வழியும் சொன்னான். மூணு கிலோமீட்டர். என் சைக்கிளை அந்த வாரம்தான் காந்திமதியோட தம்பி, மச்சான் சிவசங்கர் இரவல் வாங்கினு போயிருந்தான். வடைக்காக நடந்தேன். வெள்ளரிக்காயை வீசி எறிய மனசு வராம வழியெல்லாம் பொறுக்கித் தின்னேன். பாப்பம்மாள் பருப்பை அரைச்சு ரெண்டே வடை தந்தாங்க, மீதி மாவு அவங்க கூலி. அங்கேருந்து வூட்டுக்கு இன்னொரு மூணு. காந்திமதிகிட்ட ஓ.டி.ன்னு சொல்லிட்டேன். இப்படியே மூணு மாசம் ஓடிச்சு, சைக்கிளும் திரும்பி வரலை.

ஆனியில டாக்டர் மறுபடி பார்த்தாரு. பிரஷர் நூத்தி முப்பது. எடையில அஞ்சு கிலோ காணோம். சீட்டைக் காட்டினதும் காந்திமதி சுவத்துல சாஞ்சு அழுதுட்டா. அவ அப்பா இதே பிரஷர்ல நாப்பத்திரெண்டு வயசுல களத்துமேட்டுல சாஞ்சு உசிரை விட்டவரு. எனக்கும் அப்ப நாப்பத்திரெண்டு. அவ அழுவுறதைப் பார்த்துக்கினு பொய்யைக் காப்பாத்த என்னால முடியலை.

"காந்தி, நான் ஓ.டி.யே பாக்கலை. நீ குடுத்த பருப்பை எல்லாம் வடையா சுட்டுத் தின்னுட்டேன்."

முந்தானையால மூக்கைத் துடைச்சா. "தெரியும் மாமா. பாப்பம்மாள் எனக்குத் தூரத்துச் சித்தி. பணியாரச் சட்டியில சொட்டு எண்ணெ விட்டு சுடச் சொன்னதே நான்தான்."

"அப்ப கோதண்டராமன் வாணலி?"

"நல்லாத்தான் கீது. பதினேழு வருசமா உன்கூடக் குடும்பம் நடத்துறேன், டப்பாவை நீ எங்க கொண்டுபோய் நீட்டுவேன்னு எனக்குத் தெரியாதா?"

"சைக்கிளு?"

"தம்பி வூட்ல சும்மாதான் நிக்குது."

கிட்ட வந்து, என் நெஞ்சு மேல கையை வச்சுப் பார்த்தா. அப்புறம்தான் சிரிச்சா.

"நான் போட்டுக் குடுத்தது வடைப்பருப்பு இல்ல மாமா, நடைப்பருப்பு."