தேன் நிறச் சுவர்த்தாள்

லண்டன் மாநகரில் ஆங்கிலேயப் பண்பாட்டை இன்று கட்டிக் காப்பவர்கள் ஆங்கிலேயர் அல்லர். நோர்பரியில் வசிக்கும் எங்கள் தலைவர் திரு. செல்வரத்தினம் அவர்களே. 'உள்வீட்டழகுப் பாதுகாப்புச் சங்க'த்தின் காரியதரிசி என்ற முறையில் இதை அடித்துச் சொல்வேன்.

மற்றத் தமிழர்கள் வீடு வாங்கிய மறுநாளே சுத்தியலோடு இறங்கிவிடுவார்கள். குளிர்காயும் கணப்பை இடிப்பார்கள், இரண்டு அறைகளை உடைத்து ஒன்றாக்குவார்கள், கண்ட இடமெல்லாம் வெள்ளை அடிப்பார்கள். காட்டுமிராண்டிகள்! தலைவர் 1986இல் மிஸஸ் பென்ஃபோல்ட் என்ற மூதாட்டியிடம் வாங்கிய வீட்டிலோ ஓர் ஆணிகூட அசையவில்லை. ஐம்பதுகளில் ஓடு பதித்த கணப்பு, தேக்கு அலுமாரி, பூப்போட்ட கம்பளம், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தத் தேன் நிறச் சுவர்த்தாள்! சோபாவுக்கு பிளாஸ்டிக் உறை. சங்கக் கூட்டங்களை நின்றுகொண்டே நடத்துவோம்.

சுவர்த்தாளில் கறி மணம் ஏறக்கூடாது அல்லவா? ஆகவே தலைவரின் மனைவி கமலாம்பிகைக்குத் தோட்டத்தில் 'திறந்தவெளிச் சமையற்கூடம்' வழங்கப்பட்டது. அதாவது, ஒரு காஸ் அடுப்பும் ஒரு பெரிய குடையும். ஐந்து விண்டர் அங்கேதான் நின்றார். இருமலும் பிடித்துக்கொண்டது.

"ஒரு நாளைக்கெண்டாலும் குசினிக்குள்ள நிண்டு சமைக்க விடுங்கோவன்," என்பார்.

"சங்கத்துக்கு எழுதித் தாரும். பரிசீலிப்பம்," என்பார் தலைவர். என்ன ஜனநாயகம்!

1991 ஆண்டு விழாவுக்கு மிஸஸ் பென்ஃபோல்டையே பிரதம விருந்தினராக அழைத்தோம். வெளியே கொட்டோ கொட்டென்று மழை. கிழவி ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"அந்தப் பெண் ஏன் மழையில் நிற்கிறாள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"உங்கள் சுவர்த்தாளைக் காப்பாற்றத்தான், மேடம்," என்று தலைவரும் ஆங்கிலத்திலேயே நெஞ்சை நிமிர்த்தினார். "இந்தத் தேன் நிறம் இப்போது எங்கும் கிடைக்காது."

"தேனா? நான் ஒட்டியபோது அது வெள்ளை. முப்பது வருடம் இங்கே மீன் பொரித்தேன், என் கணவர் பைப் பிடித்தார். இது அந்தப் புகை!"

அந்நேரம் பார்த்து வடைத் தட்டோடு வந்த கமலாம்பிகை, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் கதவடியில் நின்று அதைக் கேட்டுவிட்டார். தட்டை என் கையில் திணித்தார். விறுவிறென்று தோட்டத்துக்குப் போனவர், கொதிக்கும் எண்ணெய்த் தாச்சியோடு திரும்பினார்.

தலைவர் குசினி வாசலை மறித்தார். "பொறும், பொறும்! சங்கம் கூடித்தான் தீர்மானிக்கவேணும்."

"விலத்துங்கோ! எண்பத்திமூண்டுக் கலவரத்தில கொழும்பில எங்கட வீட்டை எரிச்சவங்கள்கூட, எரிக்கிறவரைக்கும் எங்களை உள்ளுக்க இருக்க விட்டவங்கள்."

தலைவர் விலகினார்.

இக்கூற்று சங்கத்தின் நோக்கங்களுக்கு அப்பாற்பட்டது என்பதால் ஆண்டறிக்கையில் சேர்க்கப்படவில்லை. தலைவரின் தியாகத்தைப் பாராட்டும் தீர்மானம் மட்டும், வாய் நிறைய வடையோடு, ஏகமனதாக நிறைவேறியது.