முள்ளங்கி ஊறுகாய்க்கு ஒரு மன்னிப்பு

"இந்த 'அம்மா கைமணம்' எதுக்கு?" என்று கேட்டு, கூசே எழுதிய பதிவின் தாளைப் பேனாவால் தட்டினார் ஓரிபே அம்மாள்.

"ஊறுகாய்னா அம்மா ஞாபகம் வரும்ல மேடம், அதான்."

"அம்மா இல்லாதவங்க படிச்சா? அம்மாவுக்குச் சமைக்கவே வராத வீட்டுப் பிள்ளைங்க படிச்சா? அடிச்சிடுங்க."

கூசே அடித்துவிட்டார்.

ஜப்பானில், மட்சுமோட்டோ ஊரின் அந்தச் சின்ன ஊறுகாய்க் கம்பெனியில் கூசே கணக்கு எழுதுபவர். வேகமாகத் தட்டச்சு செய்வார் என்ற ஒரே பாவத்துக்காக, கம்பெனியின் வலைப்பூவும் அவர் தலையில் விழுந்தது. அதைப் படிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிலும் பாதிப் பேர் கம்பெனிக்காரர்கள்.

இருந்தும் பயம் வந்துவிட்டது. போன மாதம் பக்கத்து ஊரில் மிசோ என்ற சோயா விழுது செய்யும் கம்பெனி ஒன்று, 'சமைக்கத் தெரியாத மருமகள்கூட அசத்தலாம்' என்று எழுதப்போக, நாடே திரண்டு வந்து திட்டியது. மருமகள்கள் திட்டினார்கள். நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறான் என்று மாமியார்களும் திட்டினார்கள். அன்றிலிருந்து முதலாளி நிராசாகிக்குத் தூக்கம் போனது. இனி எந்தப் பதிவும் வெளியாகுமுன் தாளில் அச்செடுத்து, எதிரியின் கண்ணால் படித்து, ஒவ்வொருவராகத் தன் பெயர் முத்திரையைக் குத்தியாக வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

கூசேவைத் தனியாகக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். "ஒரே ஒரு புகார் வரட்டும். உங்களை வக்கனாய் குளிர்கிடங்குக்கு அனுப்பிடுறேன்."

வக்கனாய் நாட்டின் வடக்கு முனை. அதற்கப்புறம் கடல்தான். கூசே வீட்டில் சொன்னபோது, மனைவி துணி மடித்துக்கொண்டே, "போயிட்டு வாங்க. நானும் பாப்பாவும் இங்கயே இருக்கோம்" என்றாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னதுதான் கூசேவை அதிகம் நடுக்கியது.

"அடுத்து, 'சூடான சோற்றோடு'" என்றார் ஓரிபே அம்மாள்.

"அது இருக்கட்டுமே மேடம்."

"சர்க்கரை வியாதிக்காரங்க?"

அதுவும் போயிற்று.

"'நம்ம ஊரு முள்ளங்கி'ன்னா, அப்ப மத்த ஊரு முள்ளங்கி மட்டமாம்பாங்க."

"சரிங்க. 'புதுசா'ன்னு ஒரு வார்த்தையாவது?"

"பழசை வாங்கித் தின்னவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

"'வெள்ளை வெளேர்னு'?"

ஓரிபே அம்மாள் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அது வேண்டவே வேண்டாம். நீங்க எழுதினீங்கன்னே யார்கிட்டயும் சொல்லாதீங்க."

ஓரிபே அம்மாள் கல்நெஞ்சக்காரி ஒன்றுமில்லை. நிர்வாகப் பிரிவின் தலைவி, ஓய்வுபெறும் வயது. தாளில் அவர் முத்திரை விழுந்தால் அவர் கழுத்தும் அதோடு சேர்த்தி. அவருக்கும் பயம்தான்.

கடைசியில் தாளில் மிஞ்சியது, 'முள்ளங்கி ஊறுகாய் வந்துள்ளது' என்ற ஒரு வரி.

ஓரிபே அம்மாள் அதையே வெகுநேரம் பார்த்தார். "மொட்டையா இருக்கே. படிக்கிறவங்களை மதிக்காத மாதிரி. திமிருன்னு சொல்லுவாங்க."

"இப்ப என்ன மேடம் பண்றது?"

"கீழ ஒரு மன்னிப்பு போட்டுருங்க. மன்னிப்பு கேட்டவனை யாரு அடிக்கப்போறா?"

கூசே எழுதினார்: 'இதனால் எவர் மனமாவது புண்பட்டால் வருந்துகிறோம்.'

"அதென்ன 'பட்டால்'? படாதுன்னு சவால் விடுற மாதிரி இருக்கு. நேரா வருந்துங்க. ஆழமா வருந்துங்க. 'வந்துள்ளது'ம் வேண்டாம், அலட்டல்."

கூசே திருத்திய தாளில் தன் முத்திரையைக் குத்தினார். சின்னவன் முத்திரை பெரியவர் கட்டத்தைப் பார்த்து வணங்குவதுபோல் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும் என்பது அலுவலக மரியாதை. அன்று கூசே சாய்த்த சாய்ப்பில் அது காலிலேயே விழுந்துவிட்டது. அடுத்து ஓரிபே அம்மாளின் முத்திரை சாய்ந்தது. முதலாளி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுப் படித்தார்.

"இது போதுமாய்யா? தலை குனிஞ்ச படம் ஒண்ணு சேருங்க."

புத்தாண்டு அன்று கோயிலில் எல்லோரும் கறுப்புக் கோட்டுப் போட்டு வரிசையாக இடுப்பை வளைத்து நின்ற படம் இருந்தது. அதைச் சேர்த்தார்கள். முதலாளியின் முத்திரையும் விழுந்தது, பதிவு வெளியானது.

'முள்ளங்கி ஊறுகாய் குறித்து, வாடிக்கையாளர்கள் அனைவரிடமும் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்.' அதன் கீழே குனிந்த தலைகள். வார்த்தை வார்த்தையாகப் பார்த்த மூன்று பேரில் ஒருவர்கூட அதை முழுசாகச் சேர்த்துப் படிக்கவில்லை.

கூசேவின் தேநீர் ஆறுவதற்குள் தொலைபேசி அடித்தது.

"ஏங்க, ஊறுகாய்ல என்ன ஆச்சு?" என்றது ஒரு பெண் குரல். "காலைலதான் பிள்ளைக்கு டப்பால வச்சு அனுப்பினேன்."

"ஒண்ணும் ஆகலைங்க."

"ஒண்ணும் ஆகாததுக்கா அத்தனை பேரு குனிஞ்சு நிக்கிறீங்க?"

கூசே தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு ஓரிபே அம்மாளைக் கூப்பிட்டார். ஓரிபே அம்மாள் ஓடிவந்தார். 'எங்கள் ஊறுகாயில் எந்தக் குறையும் இல்லை' என்று இரண்டாவது பதிவு எழுதி, முத்திரை வாங்கி, வெளியிட்டார்கள். குறை இருக்கிறது, மறைக்கிறார்கள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பயந்துபோய் இரண்டையும் அழித்தார்கள். 'அழித்தும் விட்டார்கள்' என்று அதையும் யாரோ படம் பிடித்து ஊரெல்லாம் பரப்பினார்கள். மதியத்துக்குள் கடைகள் எல்லாம் அந்த முள்ளங்கிப் பாட்டில்களை அலமாரியிலிருந்து இறக்கி, கம்பெனிக்கே திருப்பி அனுப்பின. வாசலில் தொலைக்காட்சி வண்டி வந்து நின்றது.

முதலாளி திட்டவில்லை. அது இன்னும் கொடுமையாக இருந்தது.

"கூசே, உங்ககிட்ட கோட்டு இருக்கா?"

"இருக்குங்க முதலாளி."

"அது பத்தாது. அங்க மே மாசத்துலயும் குளிரும். கனமா ஒண்ணு வாங்கிக்கங்க."

கூசே குனிந்தார். நிமிர்ந்தால் அழுதுவிடுவோம் என்று தோன்றியதால் அப்படியே நின்றார். பாப்பா இப்போதுதான் 'அப்பா' என்று சொல்லத் தொடங்கியிருக்கிறாள். அங்கே போனால் அதைத் தொலைபேசியில்தான் கேட்க வேண்டும்.

"ஆமா, நாம என்ன பண்ணோம்? ஊறுகாய்தானே போட்டோம்" என்று முதலாளி தனக்குத்தானே புலம்பினார். "ஒரு தப்பும் பண்ணாம இப்படி மானம் போச்சே."

கதவு திறந்தது. ஊறப்போடும் கூடத்தின் மேஸ்திரி ஹிராகா, ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றார். அந்த மனிதர் மாடிப்படி ஏறியதை யாரும் பார்த்ததில்லை. தொப்பியைக் கழற்றி அதால் வாயை மறைத்தபடி, தரையைத் தொடுமளவு குனிந்தார்.

"என்ன ஹிராகா அண்ணே, நீங்க வேற" என்றார் முதலாளி.

ஹிராகா நிமிராமலே சொன்னார்: "மன்னிச்சிடுங்க முதலாளி. முள்ளங்கித் தொட்டியைக் கிண்டுறப்ப தும்மினதுல பல்செட்டு உள்ள விழுந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சேன், உங்களுக்கு யாரு சொன்னா?"