பூம்பாறையில் ஒரு மென்பொருள் பறிமுதலான வரலாறு

மனித உயிரைக் காக்க மனிதன் கண்டுபிடித்தவற்றில் தலையாயது படிவம். மருந்து, மாத்திரை எல்லாம் அதற்கு அடுத்தபடிதான். பூம்பாறைத் துணைச் சுகாதார நிலையத்துச் செவிலியர் ராஜேஸ்வரிக்கு இந்த உண்மை நாற்பத்தாறு வயதுவரை தெரியாமல் போனது அவளுடைய துரதிர்ஷ்டம்.

அவளிடம் ஒரு செல்பேசி, அதில் ஒரு மென்பொருள். நோயாளியின் நெஞ்சில் வில்லை ஒன்றை ஒட்டினால் போதும். இதயத் துடிப்பைப் படித்து 'வீட்டுக்குப் போகலாம்' என்றோ 'உடனே பெரிய ஆஸ்பத்திரி' என்றோ சொல்லிவிடும். ஓராண்டில் பதினோரு பேரைச் சாவிலிருந்து திருப்பியிருந்தது. இத்தனை அக்கிரமமும் உரிமம் இல்லாமலேயே நடந்திருக்கிறது!

மென்பொருளும் மருத்துவக் கருவியே என்று விதி வந்தது. மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வாளர் ஜெயபிரகாஷ் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"கருவிய எடுத்து மேசை மேல வைங்கம்மா."

ராஜேஸ்வரி செல்பேசியை வைத்தாள்.

"இது போனு. நான் கேக்குறது சாப்ட்வேரு."

"அது இதுக்குள்ளதாங்க சார் கெடக்கு."

"எடை எழுதணுமே?"

"அதுக்கேதுங்க எடை?"

படிவத்தில் 'இல்லை' என்று எழுத இடமில்லை. ஆகவே பூண்டு வியாபாரி மாயன் தன் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார். மென்பொருளை ஓடவிட்டு ஒருமுறை, நிறுத்திவிட்டு ஒருமுறை எடை போட்டார்கள். இரண்டு முறையும் நூற்றெண்பது கிராம்.

"பனியில தராசு சரியாக் காட்டாது" என்று அறிவியல்பூர்வமாக விளக்கிய ஜெயபிரகாஷ், 'இரண்டு கிராம்' என்று எழுதினார். செல்பேசி துணியில் சுற்றப்பட்டு, அரக்கு முத்திரை பெற்றது.

மாயன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தக் குளிரிலும் வேர்த்துக் கொட்டியது.

"நெஞ்ச என்னமோ அழுத்துதுக்கா. வெள்ளனேருந்து இப்டித்தான்."

ராஜேஸ்வரி நாடியைத் தொட்டுப் பார்த்தாள். தாறுமாறாக அடித்தது. "சார், சீல உடைங்க. ஒரு நிமிசம் பாத்துர்றேன்."

"உரிமம் இல்லாத கருவி. நோயாளிக்கு ஆபத்து வந்துட்டா?"

"அப்ப ஒங்க ஜீப்புல ஏத்தி வெரசாப் போங்க. ஆம்புலன்ஸ் பள்ளங்கிக்குப் பிரசவத்துக்குப் போயிருக்கு."

"இது பறிமுதல் வண்டிம்மா. பறிமுதல் பொருள மட்டுந்தான் ஏத்தலாம்."

ராஜேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வில்லையை எடுத்தாள். மாயன் சட்டையை விலக்கி நெஞ்சில் பட்டென்று ஒட்டினாள்.

"கருவியோட பாகம் எதையும் விட்டுட்டுப் போகக்கூடாதுல்ல சார்? இந்தா, ஒட்டிக்கிருச்சு. பிச்சா கருவி சேதம்."

ஜெயபிரகாஷ் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். விதி இருந்தது. விதிக்கு முன்னால் அவர் பச்சைக் குழந்தை. 'துணைப் பாகம்: மாயன், ஒன்று' என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஜீப் கொடைக்கானலுக்குப் பறந்தது, மாயன் பிழைத்தார்.

பத்தாம் நாள் காலை, வாயுத் தொல்லை என்று பிச்சையம்மாள் வந்தாள். நாடி ஒழுங்காகத்தான் அடித்தது. அதற்கு மேல் பார்க்க ராஜேஸ்வரியிடம் ஒன்றும் இல்லை. மாத்திரை கொடுத்து அனுப்பினாள். மத்தியானம் பூண்டுக் காட்டிலேயே பிச்சையம்மாள் சரிந்தாள். மாரடைப்பு. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

விசாரணைக்கு ஜெயபிரகாஷே நேரில் வந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, ஒரே வரியில் அறிக்கை எழுதி, ராஜேஸ்வரியிடம் கையெழுத்துக்கு நீட்டினார்:

"உரிமம் இல்லாத மென்பொருளால் பிச்சையம்மாளுக்கு எந்தப் பாதிப்பும் ஏற்படவில்லை."