மாரிக்கண்ணன் கையை உடைத்துக்கொண்ட விதம்

இனி எவன் வாசலிலும் போய் நிற்பதில்லை என்று ஒரு திங்கட்கிழமை காலை, பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது மாரிக்கண்ணன் முடிவெடுத்தார். எடுத்த முடிவை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும். வீட்டில் இருந்தது மனைவி இசக்கிச்செல்வி மட்டும்.

“ஏட்டி, நான் சொந்தமா இறங்கப்போறேன்.”

“முதல்ல வாயக் கொப்பளிங்க. நுரை சட்டையில இறங்குது.”

சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக்காரரிடம் பத்தொன்பது வருஷம் கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போட்டவர் மாரிக்கண்ணன். தை மாதம் முதலாளியின் மருமகன் அவரைக் கூப்பிட்டுத் தன் செல்போனைக் காட்டினான். “அண்ணாச்சி, இதுகிட்ட மாங்காய் டிசைன் போடுன்னா நிமிஷத்துக்கு நாப்பது மாங்காய் போடுது. நீங்க ஒரு மாங்காய்க்கு மூணு நாள் எடுக்கீங்க.” அதோடு சரி. மாங்காயும் போச்சு, வேலையும் போச்சு.

சொந்தமாக இறங்கியவர் தன் டிசைன்களை ஊர் ஊராகச் சேலைக் கடைகளுக்கு அனுப்பினார். எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். இந்த மாதிரி போனிலேயே கிடைக்குது, கையால் வரைந்தது ஏதாவது இருந்தால் அனுப்புங்கள்.

கையால் வரைந்து பல வருஷம் ஆகியிருந்தது. இருந்தாலும் பென்சிலைச் சீவி, நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு மயில் வரைந்தார். செல்வி எட்டிப் பார்த்தாள்.

“கோழிக்கு என்ன சீக்கா?”

பென்சிலைத் தூக்கி எறிந்தார்.

அடுத்த வாரம் ரேஷன் கார்டைத் தேடி பீரோவைக் குடைந்தபோது அடித்தட்டில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் கிடைத்தது. உள்ளே இருநூறு தாளுக்கு மேல் இருக்கும். தாளுக்கு ஒரு பூ. நீலப் பேனாவால் செல்வி வரைந்தவை.

அது என்ன ஃபைல் என்று அவருக்குத் தெரியும். அவர்களுக்கு ஒரே மகள், அபிதா. ரத்தத்தில் வந்த நோய். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் எட்டு மாசம் கிடந்தாள். செல்வி அங்கேயே கூட இருந்தாள். மாரிக்கண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் போவார், சில ஞாயிற்றுக்கிழமைகளில். பிள்ளையின் வலி மறக்கத் தினம் ஒரு பூ வரைந்து கொடுப்பாள் செல்வி. அதற்குப் பிள்ளை பெயர் வைக்கும். பதினோரு வயதில் அபிதா போய் ரெண்டு வருஷம் ஆகிவிட்டது. அதற்கப்புறம் செல்வி பேனாவைத் தொடவில்லை. வாசலில் தண்ணீர் தெளிப்பாள், கோலம் போட மாட்டாள்.

அந்த ஃபைலைப் பார்த்ததும் ஒரு தகப்பனுக்கு அழுகை வர வேண்டும். மாரிக்கண்ணனுக்கும் வந்திருக்கும். ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று முந்திக்கொண்டது.

‘அடேயப்பா, என்ன கோடு!’

ஒரு இதழ் பெரிசு, ஒரு இதழ் சிறிசு. சில இடத்தில் பேனா அழுந்தித் தாளே கிழிகிற மாதிரி இருந்தது, சில இடத்தில் கோடு நூல் போலத் தேய்ந்து போயிருந்தது. நிமிஷத்துக்கு நாப்பது போடுகிற எந்த இயந்திரத்துக்கும் இப்படிக் கை நடுங்காது.

செல்வி தேரடிப் பக்கம் ஒரு கடையில் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கப் போகிறவள். ஒன்பதரைக்குப் போனால் ஆறு மணிக்கு வருவாள். அவள் தலை மறைந்ததும் வீட்டில் ஸ்கேனர் உறுமும். பன்னிரண்டு பூக்களைப் பொறுக்கினார். தாளின் மடிப்பையும் கறையையும் கம்ப்யூட்டரில் துடைத்தார். நடுக்கத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டு, கருஞ்சிவப்பும் மயில்கழுத்து நிறமுமாக வண்ணம் ஏற்றி, ஒன்றை ஒன்பதாக்கி, ஒன்பதைச் சேலை நீளத்துக்குப் பரப்பினார்.

கடைசித் தாளில் பாதிப் பூதான் இருந்தது. வலது பக்கம் வெறுமை. மாரிக்கண்ணன் சிரித்துக்கொண்டார். கம்ப்யூட்டரில் கண்ணாடி பிடிப்பது போல ஒரு வசதி உண்டு. இடது பாதியைத் திருப்பி வலது பக்கம் ஒட்டினார். பூ முழுசாகிவிட்டது. பன்னிரண்டிலும் அதுதான் அழகு.

மதுரையில் ஆன்லைனில் சேலை விற்கிற ஜுவைரியா என்ற பெண்ணுக்குப் பன்னிரண்டையும் அனுப்பினார். மறுநாளே அவள் போன் செய்தாள்.

“அண்ணே, இதெல்லாம் யாரு வரைஞ்சது?”

மாரிக்கண்ணன் பீரோவை ஒரு தடவை பார்த்தார். “நான்தாம்மா. என் கைதான்.”

“அந்தக் கடைசிப் பூ என்னைத் தூங்க விடலைண்ணே. ஞாயித்துக்கிழமை நேர்ல வர்றேன். பேப்பர்ல கையெழுத்துப் போட்டுரலாம். அப்படியே நீங்க வரையறதை ஒரு வீடியோ எடுத்துக்கறேன். கையைப் பாத்தாத்தான் இப்ப ஜனங்க நம்புறாங்க.”

போனை வைத்தவர் தன் கையைப் பார்த்தார். கோழியும் சீக்கும் ஞாபகம் வந்தது.

மூன்று நாள் யோசித்து, வியாழக்கிழமை மருந்துக் கடையில் ஒரு கட்டுத்துணி வாங்கி வலது கையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

“பஸ் ஸ்டாண்டுல வழுக்கி விழுந்துட்டேன் செல்வி.”

“ஐயையோ. எங்கன?”

“டீக்கடை முன்னால. வாழைப்பழத் தோலு.”

“சட்டையில ஒரு தூசி இல்லையே?”

“கையை ஊனிட்டேம்லா! அதான கை போச்சு.”

செல்வி அவரையே ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு கொடியில் கிடந்த துண்டை எடுத்து அவர் தோளில் போட்டாள். “கிளம்புங்க. பனவடலிசத்திரத்துல சுடலைமணி வைத்தியரு இருக்காருல்லா, கட்டுப் போடுதவரு.”

“ஒண்ணும் வேண்டாம், தானா சரியாயிரும்.”

“பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்பவும் இதைத்தான சொன்னீங்க?”

மாரிக்கண்ணன் பஸ் ஏறினார்.

வைத்தியர் மணிக்கட்டை அமுக்கினார். “இங்கன வலிக்கா?” வலிக்கவில்லை என்றால் கதை கந்தலாகிவிடும். “அம்மா!” என்று கத்தினார். “இங்கன?” “ஐயோ!” “இங்கன?” “அண்ணாச்சி, கொல்லாதீங்க!” கத்திய இடமெல்லாம் எலும்பு உடைந்திருப்பதாக வைத்தியர் கணக்குப் போட்டார். கையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். அதுவரை வராத வலி அப்போது நிஜமாகவே வந்தது. முட்டையும் உளுந்தமாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து, விரல் நுனியிலிருந்து முழங்கைக்கு மேல் வரை சுற்றினார்.

“நல்லா இறுக்கியே கட்டுங்க அண்ணாச்சி” என்றாள் செல்வி.

“ஆறு வாரம். இடையில பிரிச்சா கை கோணிப் போயிரும், சொல்லிட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஜுவைரியா வந்தாள். கட்டைப் பார்த்துப் பதறினாள். மாரிக்கண்ணன் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, “கலைஞனுக்குக் கைதாம்மா உயிரு. என்ன செய்ய? வீடியோவை அப்புறம் பாத்துக்கிடலாம். பேப்பரை மட்டும் முடிச்சிரலாம்” என்றார்.

“அண்ணே, இந்த இடத்துல டிசைனை வரைஞ்சவங்க கையெழுத்துப் போடணுமே. எப்படிப் போடுவீங்க?”

அதை அவர் யோசிக்கவில்லை. இடது கையை நீட்டினார். அதற்குள் செல்வி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

“இங்கன தா தாயி. வரைஞ்சவதான போடணும்?”

செல்வி எழுந்து போய் அந்த ஃபைலைக் கொண்டுவந்து ஜுவைரியா மடியில் வைத்தாள். “போன வாரம் ஸ்கேனர் மூடியத் தொறந்து தொடைச்சேன். கடைசித் தாளை உள்ளயே விட்டுட்டாக. இவுக டிசைன் அப்படி. எதையாவது மறந்துருவாக.”

ஜுவைரியா ஒரு தாளை எடுத்தாள். பூவைப் பார்த்தாள். தாளைத் திருப்பினாள். இன்னொன்றைத் திருப்பினாள். அது ரத்தப் பரிசோதனைத் தாள். மா. அபிதா, வயது பதினொன்று. தேதி. அணுக்களின் எண்ணிக்கை. அடுத்த தாள், அடுத்த தேதி, எண்ணிக்கை இன்னும் குறைச்சல்.

மாரிக்கண்ணன் எட்டிப் பார்த்தார். பன்னிரண்டு தாளை ஸ்கேன் செய்திருக்கிறார். ஒன்றின் பின்பக்கத்தைக்கூட அவர் படித்துப் பார்க்கவில்லை.

“இந்தப் பூவெல்லாம் விக்கதுக்கு இல்ல தாயி” என்றாள் செல்வி. “ஒனக்கு வேற வரைஞ்சு தாரேன். பிடிச்சிருந்தா எடுத்துக்கோ.” பேனாவை எடுத்து, ஜுவைரியா கொண்டுவந்த வெள்ளைத் தாளில் ஒரு எருக்கம்பூங்கொத்து வரைந்தாள். ரெண்டு வருஷம் தொடாத கை முதல் கோட்டில் தயங்கியது. அப்புறம் போனது. ஜுவைரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்துப் பிடித்தாள். போகும்போது செல்வி பெயரில் வேறு பேப்பர் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள்.

அவள் போனதும் செல்வி கம்ப்யூட்டரைப் போட்டாள். “அழிங்க.”

“இந்தக் கையோடயா?”

“இடது கை இருக்குல்லா?”

இடது கையில் மவுஸ் வழுக்கி வழுக்கி ஓடியது. ஒவ்வொன்றாகப் பதினொன்றை அழித்தார். பன்னிரண்டாவது திரையில் வந்தது. அழிக்கப் போனவரின் கையைச் செல்வி பிடித்துக்கொண்டாள்.

“இதுல வலது பக்கத்த மட்டும் அழிங்க.”

“ஏன்?”

“இது நான் வரைஞ்சது இல்ல. அவ போட்டது. பாதியில கை ஓஞ்சு போச்சு. மிச்சத்த நாளைக்குப் போடுதேம்மான்னு படுத்தா.” அவள் குரல் உடையவில்லை. “நீங்களா முழுசாக்க வேண்டாம்.”

அன்றைக்கு அவர் எங்கே இருந்தார் என்று மாரிக்கண்ணனுக்கு நன்றாகத் தெரியும். தீபாவளி ஆர்டர், நூற்றைம்பது சேலைக்கு மாங்காய். வலது பாதியைத் துடைத்தார். இதழ் இதழாகப் போயிற்று. வெறுமை வந்ததும் அவருக்கு அழுகை வந்தது, ரெண்டு வருஷத்தில் முதல் தடவையாக. துடைக்கக் கையைத் தூக்கினார். மூங்கில் பத்தை நெற்றியில் மோதியது.

செல்வி முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். இதுதான் சமயம் என்று மாரிக்கண்ணனுக்குப் பட்டது.

“செல்வி, ஒரு உண்மையைச் சொல்லிருதேன். கை உடையவே இல்லட்டி.”

“தெரியும்.”

“அப்ப அவுத்துவிடேன்.”

“ஆறு வாரம்னு வைத்தியரு சொல்லிருக்காருல்லா?”

“உடையாத கைக்கா?”

“எட்டு மாசம் நான் ஒத்தைக் கையாத்தான் எல்லாம் பாத்தேன். நீங்க ஆறு வாரம் இருந்து பாருங்க.” எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். “நாளையிலேருந்து காலையில நான் கடைக்குப் போகுமுன்ன ரெண்டு பூ தருவேன். சாயந்தரம் நான் வாரதுக்குள்ள ஸ்கேன் பண்ணி, கலர் போட்டு வைக்கணும். கீழ என் பேரு வரணும்.”

“இடது கையாலயே எல்லாமா?”

“பழகிரும்” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அப்போதுதான் மாரிக்கண்ணனுக்குக் கட்டுக்குள்ளே அரிக்க ஆரம்பித்தது.