விழுத்தி மாஸ்டரும் விழாத பலகையும்

தரையில் கிடந்த ஒரு தோடம்பழத்தைக் குனிந்து எடுக்கத் தெரியாமல், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் முகங்குப்புற விழுந்தவன் நான். தமிழ் படிப்பிக்கும் வாத்தியாராகக் கண்டியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து அன்று இரண்டாம் நாள். வேட்டி, கோட்டு, சால்வை எல்லாம் புதிது. பிள்ளைகளின் மரியாதையைச் சம்பாதிக்க நான் வகுத்திருந்த திட்டங்களில் இந்த விழுகை இருக்கவில்லை.

விழுத்தியவர் எங்கள் விஞ்ஞான மாஸ்டர். "ஐசே, குதிக்கால் ரெண்டும் சுவரில முட்ட நில்லும். முழங்காலை மடக்காமல் குனிஞ்சு எடுத்தீரெண்டால் பழம் உமக்கு" என்று அன்பாகத்தான் கூப்பிட்டார். நான் தரையில் கிடந்தபோது என் முதுகைச் சுட்டிக்காட்டிப் பாடத்தைத் தொடர்ந்தார். "பாத்தியளோ பிள்ளையள்? குனியேக்க பின்பக்கம் பின்னுக்குப் போகோணும். சுவர் விடேல்லை. பாரம் காலைத் தாண்டி முன்னுக்குப் போயிட்டுது. கோட்டுப் போட்டவையும் விழுவினம்."

அந்த முப்பதுகளின் தொடக்கத்தில் கண்டியில் விழாத மனிதர் கிடையாது. மழை பெய்தால் மேட்டுத் தெருவில் நீதவானும் சறுக்கினார், அவர் முன் நிற்கப் போன திருடனும் சறுக்கினான். ஆனால், தாம் ஏன் விழுகிறோம் என்று தெரிந்துகொண்டு விழுந்தவர் இந்த ஒரு மனிதர்தான்.

யாழ்ப்பாணத்துக்காரர். எதைக் காட்டினாலும் "விழுத்திப் பாருங்கோ" என்பார். எங்கள் பிள்ளைகள் தேயிலைத் தோட்டத்திலிருந்தும் டவுனிலிருந்தும் வருகிறவர்கள். "தள்ளிவிடு" என்று மட்டுமே கேட்டுப் பழகிய அவர்களுக்கு அந்தச் சொல் தித்திப்பாக இருந்தது. ஒரே வாரத்தில் அவர் 'விழுத்தி மாஸ்டர்' ஆகிவிட்டார். சொந்தப் பெயரைச் சம்பளப் பத்திரத்தில் மட்டும் பாவித்தார்.

ஆசிரியர் கூட்டங்களில் கதிரையின் பின்னங்கால் இரண்டில் மட்டும் சாய்ந்து, மேசையைத் தொடாமல் ஒரு மணி நேரம் இருப்பார். கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எல்லோரும் கதிரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

கட்டுகஸ்தோட்டையில் ஒருநாள் அவரோடு பஸ்ஸுக்கு நின்றேன். கூரைமேல் பலாப்பழம் கோபுரமாக ஏற்றியிருந்தார்கள். மாஸ்டர் ஏற மறுத்துவிட்டார்.

"ஏறுங்க மாஸ்டர், அல்லாஹ் கொண்டுபோய்ச் சேப்பான்" என்றார் கண்டக்டர் காசிம் நானா.

"அவர் சேர்ப்பார். பலாப்பழம்தான் விடாது. பாதியைக் கீழ இறக்கிக் கால்மாட்டில வையும்."

"கால்மாட்டுல வெச்சா ஆக்கள் காலை எங்க வெக்கிற?"

"பலாப்பழத்துக்கு மேல."

அப்படியே நடந்தது. கண்டி வரைக்கும் முழங்கால் மோவாயில் இடிக்கப் பிரயாணம் செய்தோம். பஸ் கவிழவில்லை. அது கவிழாமல் போனதற்கு நன்றி சொல்ல ஒருவரும் இல்லை, திட்டத்தான் இருந்தார்கள்.

இப்படிப்பட்டவருக்கு வந்தது சோதனை. வருடாவருடம் பள்ளிக்கூடத்தைப் பரீட்சிக்க வரும் வித்தியாதரிசி வருவதாகத் தகவல். பள்ளிக்கூட மனேஜரான பாதிரியார், எங்கள் சுவாமி, மாஸ்டரை அழைத்தார். பக்கத்து மாதா கோவிலில் செபம் நடக்கும்போதெல்லாம் விஞ்ஞான வகுப்பில் ஏதாவது 'தடால்' என்று விழுவது சுவாமிக்கு நெடுநாள் மனத்தாங்கல்.

"மாஸ்டர், அந்தத் துரை முன்னால ஒரு சாமான் விழுந்தாலும் சரி, உங்க பாடவேளைய ஞானோபதேசத்துக்குக் குடுத்துருவேன். நீங்க நாவலப்பிட்டிப் பக்கம் போயி எழுத்து சொல்லிக் குடுக்கலாம்."

"விழாட்டில் பிள்ளையள் என்னெண்டு சுவாமி படிக்கிறது?" என்று கேட்டுவிட்டு மாஸ்டர் வெளியே வந்தார். அன்றைய கூட்டத்தில் கதிரையின் நாலு காலும் தரையில் இருந்தன.

வித்தியாதரிசிக்குக் காட்டப் பிள்ளைகள் ஒன்று செய்து வைத்திருந்தார்கள். தேயிலைப் பெட்டிப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றையும் சற்று வெளியே தள்ளி, மேசை விளிம்பில் அடுக்கியிருந்தார்கள். மேல்பலகை முழுக்க அந்தரத்தில் நின்றது. அதன் நுனியில் உடைந்த சிலேட்டுத் துண்டு ஒன்று வைத்தால் நிற்கும். இரண்டாவது வைத்தால் எல்லாம் சரியும். ஒன்றோடு நிறுத்திக்கொள்வதாக மாஸ்டர் சுவாமிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆனால் வித்தியாதரிசி பாரமான மனிதர் என்று கேள்வி. அவர் நடந்து வந்தாலே பலகை சரியுமே! எப்படியும் மாஸ்டரைக் காப்பாற்றுவதென்று தீர்மானித்தேன். வித்தியாதரிசி வருவதற்கு முதல்நாள் பள்ளி விட்டபின் ஒரு சுத்தியலோடு போய், பலகைகளை ஒன்றோடொன்றும் மேசையோடும் சேர்த்து ஆணி அடித்துவிட்டேன். மாஸ்டரிடம் சொல்லவில்லை. நல்ல காரியத்தைச் சத்தமில்லாமல் செய்ய வேண்டுமாம்.

வித்தியாதரிசி வந்தார். தரை அதிர்ந்தது, பலகை அசையவில்லை. நான் பின்சுவரில் சாய்ந்து என்னையே மெச்சிக்கொண்டேன். ஒரு துண்டு வைத்தார்கள், நின்றது. சுவாமி கண்ணை மூடி நன்றி சொன்னார். அப்போது அந்தப் பாவி வித்தியாதரிசி முன்வரிசையில் இருந்த ரோசலின் என்ற சிறுமியைப் பார்த்து, "இன்னொன்று வைத்தால்?" என்றார்.

"விழுந்துரும் சேர்."

வைத்தார். விழவில்லை. மூன்றாவது வைத்தார். நான்காவதாகத் தம்முடைய தொப்பியையே வைத்தார். ஆணி வேலை அவ்வளவு உறுதி. மாஸ்டரின் முகம் வெளுத்துப் போயிற்று. இருபது வருடம் நம்பிய பூமி தம்மைக் கைவிட்டதுபோல் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ நீ சொன்னது பிழைதானே?" என்றார் வித்தியாதரிசி.

ரோசலின் எழுந்து நின்றாள். "நான் சொன்னது சரிதான் சேர். பலகைதான் பிழை. இதுல யாரோ ஆணி அடிச்சிருக்காங்க."

சொன்னதோடு நிற்காமல் மேல்பலகையைப் பிடித்து இழுத்தும் காட்டினாள். பலகையோடு பலகை வந்தது, பலகைகளோடு மேசை வந்தது, மேசையோடு மைக்கூடும் தொப்பியும் வந்தன. அந்தப் பள்ளிக்கூடத்தின் சரித்திரத்திலேயே மிகப் பெரிய 'தடால்' அதுதான்.

சுவாமி வாயைத் திறக்குமுன் வித்தியாதரிசி வயிறு குலுங்கச் சிரித்தார். "நான் போகிற இடமெல்லாம் பிழையா என்று கேட்டால், ஆமாம் துரை என்கிற பிள்ளைகள்தான். பலகை பிழை என்று சொன்னவள் இவள் ஒருத்தி. இந்தப் பாடத்தை நிறுத்தாதீர்கள்" என்று சுவாமியின் கையைக் குலுக்கினார். மை இருவருக்கும் பட்டது. நாவலப்பிட்டிப் பேச்சு அதன் பின் எழவில்லை.

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. "ஐசே, கண் காட்டினதை அவள் நம்பேல்லை! கை படிச்சதை நம்பினாள்! எனக்கு இது காணுமடாப்பா, வேறொண்டும் வேண்டாம்" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஆணி அடித்தது யார் என்று அவர் கேட்கவேயில்லை. பிறகு வேலையை விட்டு யாழ்ப்பாணம் திரும்பும்வரை, புதிதாக வந்த ஒவ்வொரு வாத்தியாரையும் சுவரோரம் நிறுத்தி விழுத்திய கையோடு இந்தக் கதையையும் சொல்வார். நானும் பக்கத்தில் நின்று, முதல் தடவை கேட்பதுபோலத் தலையாட்டுவேன்.

ஏனென்றால் மறுநாளே ரோசலினைத் தனியாகக் கூப்பிட்டு, ஆணி இருப்பதை எப்படியம்மா கண்டுபிடித்தாய் என்று நான் கேட்டிருந்தேன். அவள் சொன்ன பதிலை மட்டும் கடைசிவரை அவர் காதில் போடவில்லை. போட எனக்கு மனம் வரவில்லை.

"பலகை விழுகலன்னதும் திரும்பிப் பாத்தேன் சேர். நீங்க கட்டைவிரல்ல துணி சுத்திக்கிட்டு நின்னீங்க."